ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு வாரம்: வெளியாள் நுழையக்கூடிய சொற்பொழிவு, கச்சேரி எதுவும் உண்டா?

மலைக்கோட்டைவாசி
(இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். ஃபிப்ரவரி நடுவில் ஒரு வாரம் ஆக்ஸ்ஃபோர்டில் இருப்பேன். மகள் அங்கே ஆராய்ச்சி செய்கிறாள். காலையில் ஆய்வகத்துக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவாளாம். நான் ஓய்வு பெற்ற வேதியியல் வாத்தியார். கட்டடங்களை எத்தனை நேரம்தான் அண்ணாந்து பார்ப்பது? எனக்குப் பேச்சு கேட்கப் பிடிக்கும், கச்சேரி கேட்கப் பிடிக்கும். நம் ஊர்க் கல்லூரிகளில் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் கேட்டில் யாரும் தடுப்பதில்லை. முன் வரிசையில் போய் உட்கார்ந்தால் கூட்டம் சேர்ந்ததே என்று சந்தோஷப்படுவார்கள். அங்கே எப்படி? அடையாள அட்டை கேட்பார்களா? மகளைக் கேட்டால், "அப்பா, நானே மூணு வருஷத்துல ரெண்டு லெக்சருக்குத்தான் போயிருக்கேன்" என்கிறாள்.

ஹெடிங்டன்_செல்வி

சார், நல்ல நேரத்தில்தான் வருகிறீர்கள். இங்கே வருஷத்துக்கு மூன்று பருவம்: மைக்கேல்மஸ், ஹிலரி, டிரினிட்டி. ஒவ்வொன்றும் எட்டே வாரம். ஃபிப்ரவரி என்றால் ஹிலரியின் நடு. பருவம் முடிந்துவிட்டால் சுற்றுலாப் பயணிகளைத் தவிர ஊரில் ஒன்றும் இருக்காது, அதனால் தப்பித்தீர்கள்.

முதலில் ஒன்று பழகிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் தேதியைவிட வாரக் கணக்குதான் புழக்கத்தில் இருக்கும். அறிவிப்பில் "ஐந்தாம் வாரம், செவ்வாய், மாலை 5" என்றுதான் போடுவார்கள். வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். பருவத்துக்கு முந்தின வாரத்துக்குப் பூஜ்ஜிய வாரம் என்று பெயர். நான் வந்த புதிதில் இது தெரியாமல் ஒரு கச்சேரிக்கு ஏழு நாள் முன்னதாகவே போய் நின்றேன்.

ஆக்ஸ்ஃபோர்டு டாக்ஸ் என்று பல்கலைக்கழகத்தின் சொற்பொழிவுப் பட்டியல் இணையத்தில் இருக்கிறது. ஊர் நிகழ்ச்சிகளுக்கு டெய்லி இன்ஃபோ. ஒவ்வொரு அறிவிப்பிலும் யாருக்கு அனுமதி என்று ஒரு வரி இருக்கும். "எல்லோருக்கும்" என்றிருந்தால் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். "உறுப்பினர்களுக்கு மட்டும்" என்றிருந்தால் போகாதீர்கள். சிலவற்றுக்கு இலவசம்தான் என்றாலும் முன்பதிவு வேண்டும். தலைப்பைப் படிப்பதற்கு முன் அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

பட்டாணிசுண்டல்

பேச்சு முடிந்ததும் சுண்டல் உண்டா?

ஹெடிங்டன்_செல்வி

ஒயின் உண்டு தம்பி. கூடவே சிப்ஸ். சில சமயம் கேள்வி நேரத்தைவிட அதற்குத்தான் கூட்டம்.

ரேடியோமாமா

நான் எண்பதுகளில் அங்கே இரண்டு வருஷம் இருந்தவன். சாருக்கு ஒரு யோசனை. பேர் பெற்ற பிரமுகர்கள் வரும் கூட்டத்தைத் தேடி அலையாதீர்கள். ஆக்ஸ்ஃபோர்டு யூனியன் விவாதம் என்று எல்லோரும் சொல்வார்கள். 1823 முதல் நடக்கிறது, ஆனால் பெரும்பாலும் உறுப்பினர்களுக்குத்தான்.

வெளியாளுக்கு உண்மையான விருந்து பழைய அறக்கட்டளைச் சொற்பொழிவுகள்தான். ரோமானஸ் சொற்பொழிவு 1892இல் தொடங்கியது. முதலில் பேசியவர் கிளாட்ஸ்டன், அப்போது பிரிட்டனின் பிரதமர். அது வருஷத்துக்கு ஒன்றுதான், உங்கள் வாரத்தில் அமைவது அதிர்ஷ்டம். கவிதைப் பேராசிரியர் என்று ஒரு பதவி 1708இலிருந்து இருக்கிறது. பட்டதாரிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். அந்தக் கவிஞர் பருவத்துக்கு ஒரு தடவை எல்லோர் முன்னாலும் பேச வேண்டும். ஆடனும் சீமஸ் ஹீனியும் அதில் இருந்தவர்கள்.

எனக்குப் பிடித்தது ஓவியக் கலைக்கான ஸ்லேட் சொற்பொழிவு. வெளியிலிருந்து ஒரு அறிஞரை அழைத்து வாராவாரம் தொடராகப் பேச வைப்பார்கள், அனேகமாக ஹிலரியில். 1869இல் முதல் ஸ்லேட் பேராசிரியராக வந்தவர் ஜான் ரஸ்கின். அடுத்த ஃபிப்ரவரியில் அவருடைய முதல் பேச்சுக்கு அருங்காட்சியக அரங்கில் இடம் போதவில்லை. வந்த கூட்டம் மொத்தமும் கிளம்பி ஷெல்டோனியன் அரங்குக்கு மாறியது. நம் ஊரில் சபாவில் இடமில்லாமல் பந்தலில் ஸ்பீக்கர் கட்டுவார்களே, அந்த மாதிரி. பொருளாதாரம் படிக்கப் போன நான் இருட்டு அறையில் ஸ்லைடு பார்த்துக்கொண்டு இத்தாலியச் சுவரோவியம் கற்றுக்கொண்டது அங்கேதான். பாதி புரியாது. புரியாததை ஒருவர் ஆசையோடு சொல்லும்போது கேட்பதில் ஒரு சுகம் இருக்கிறது.

சாயர்புரத்தான்

நம்ம ஜி.யு.போப் ஐயாவை எல்லோரும் மறந்துவிட்டீர்களே! எங்கள் ஊரில் பள்ளி நடத்தியவர். அவர் கல்லறை ஆக்ஸ்ஃபோர்டில்தான் இருக்கிறது. "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்" என்று எழுதியிருக்கும். சார் கட்டாயம் ஒரு மாலை வாங்கிப் போட வேண்டும்.

நூலகத்துத்_தூசி

சாயர்புரம் அண்ணனுக்கு வருத்தமாக இருக்கும், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். அந்தக் கல்லில் அப்படி ஒரு வரி கிடையாது. மேடையில் சொல்லிச் சொல்லியே உண்மையாகிவிட்ட கதை அது. கல்லில் இருப்பது வேறு: அவருடைய குடும்பமும் தென்னிந்தியாவில் உள்ள அவருடைய தமிழ் நண்பர்களும் சேர்ந்து, கீழைத்தேய இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுக்க உழைத்ததைப் போற்றி வைத்த கல் என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. என்னைக் கேட்டால் கதையைவிட இதுதான் பெரிது. 1908இல் ஆக்ஸ்ஃபோர்டில் செத்துப் போனவருக்கு நம் ஆட்கள் இங்கிருந்து பங்கு கொடுத்திருக்கிறார்கள்.

இடம் வால்டன் தெருவை ஒட்டிய புனித செபல்கர் இடுகாடு. வேதியியல் சார், கணிதத் துறைக் கட்டடத்தில் பொதுச் சொற்பொழிவு நடக்கும், அங்கிருந்து நடந்தே போகலாம். இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாயர்புரத்தான்

ஐந்தாம் வகுப்பிலிருந்து பேச்சுப் போட்டியில் அந்த வரியைச் சொல்லிப் பரிசு வாங்கியவன் நான். திருப்பிக் கொடுக்க முடியாது. தகவலுக்கு நன்றி.

கல்மரம்

இலவசச் சொற்பொழிவு, ஒயின், சிப்ஸ் எல்லாம் சரி. அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் நம் ஊர்த் திருமங்கையாழ்வார் வெண்கலச் சிலை இருந்ததைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே? பதினாறாம் நூற்றாண்டுச் சிலை. 1967இல் சோத்பீஸ் ஏலத்தில் வாங்கியிருக்கிறார்கள். 1957இல் அதே சிலை கும்பகோணம் பக்கத்துப் பெருமாள் கோயிலில் இருந்ததற்குப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் புகைப்படம் இருக்கிறது. பத்து வருஷத்தில் பெருமாள் கோயிலிலிருந்து ஏல மேடைக்கு எப்படி நடந்து போனார் ஆழ்வார்? போய் வாய் பிளந்து கேட்பதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

ரேடியோமாமா

நியாயமான கோபம். கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் புகைப்படத்தை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்துச் சொன்னதும் இந்திய அரசுக்கு முதலில் தகவல் கொடுத்தது அதே அருங்காட்சியகம்தான். 2024இல் பல்கலைக்கழகம் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது. சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

கல்மரம்

திருடின பொருளைத் திருப்பித் தருவதற்குப் பாராட்டு விழாவா?

பட்டாணிசுண்டல்

திருமங்கையாழ்வாரே வழிப்பறி செய்து கோயில் கைங்கரியம் பண்ணினவர் என்பது கதை. அவரையே தூக்கிக்கொண்டு போனார்கள் பாருங்கள். இதை அவர் பார்த்திருந்தால் தொழில் மரியாதைக்காகவாவது சிரித்திருப்பார்.

ஹெடிங்டன்_செல்வி

கல்மரம் அண்ணா, நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் சார் கேட்டது வேறு. இதற்குத் தனி இழை போடுங்கள், நானும் வருகிறேன்.

கமகம்

சங்கீதம் பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். ஊரின் மிகச் சிறந்த இலவசக் கச்சேரி கச்சேரி என்ற பெயரிலேயே வராது. ஈவன்சாங் என்பார்கள், மாலை வழிபாடு. பருவத்தில் கிறைஸ்ட் சர்ச், நியூ காலேஜ், மாட்லின் மூன்றிலும் வாரத்தில் பெரும்பாலான நாட்கள் ஆறு மணியை ஒட்டி நடக்கும். (எழுதுவது மக்டலன், வாயில் வருவது மாட்லின். மாற்றிச் சொன்னால் வழி கேட்டவரைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.) பகலில் சுற்றிப் பார்க்க டிக்கெட் வாங்கும் கல்லூரிகள்கூட வழிபாட்டுக்கு வருபவரிடம் காசு கேட்பதில்லை.

நியூ காலேஜ் என்றால் புதுசு என்று நினைக்காதீர்கள், 1379. நிறுவியவர் விதி எழுதும்போதே பாட்டுப் பாட 16 பையன்கள் வேண்டும் என்று எழுதிவிட்டார். அன்றிலிருந்து அது கல்லூரியின் ஓர் உறுப்பு. நாள்தோறும் அதே இரண்டு பாடல்கள் வரும், பைபிளில் மரியாள் பாடியதும் சிமியோன் பாடியதும். சாகித்தியம் மாறாது, மெட்டு மாறிக்கொண்டே இருக்கும். நானூறு ஐந்நூறு வருஷத்துச் சங்கீதக்காரர்கள் ஆளுக்கொரு மெட்டுப் போட்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு நம் கோயிலில் சாயரட்சையில் ஓதுவார் தேவாரம் பாடுவதுதான் ஞாபகம் வரும். கேட்க ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பாடுவார்களே, அது. கைதட்டிவிடாதீர்கள், அது ஒன்றுதான் விதி. எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும்.

காசு கொடுத்துக் கேட்பதென்றால் ஹாலிவெல் இசை அரங்கம். 1748இல் திறந்தது, இசைக்கென்றே கட்டிய அரங்குகளில் ஐரோப்பாவிலேயே பழையது என்பார்கள். நம் பழைய சபா ஹால் ஒன்றைச் சுண்ணாம்படித்து வைத்த மாதிரி இருக்கும், சின்னது. ஞாயிறு காலை அங்கே கச்சேரி உண்டு. தம்புராவின் நாதம் நல்ல கல் மண்டபத்தில் எப்படி நிற்கும் என்று தெரிந்தவருக்கு அந்த அறை பிடிக்கும். ஷெல்டோனியனிலும் கச்சேரி நடக்கிறது. ஹைடனுக்கு 1791இல் டாக்டர் பட்டம் கொடுத்தபோது அங்கே வாசித்த சிம்பொனிக்கு ஆக்ஸ்ஃபோர்டு சிம்பொனி என்றே பெயர் நிலைத்துவிட்டது. அவர் அதை எழுதியதென்னவோ முன்பே, ஒரு பிரெஞ்சுப் பிரபுவுக்காக. ஆனால் ஷெல்டோனியன் பெஞ்சு மகா கட்டை. கழுத்துச் சால்வையை மடித்துக் கீழே போட்டுக்கொள்ளுங்கள்.

பேலியல் கல்லூரியில் ஞாயிறு இரவுக் கச்சேரி 1885இலிருந்து நடக்கிறது, அனுமதி இலவசம். எல்லா ஞாயிறும் கிடையாது, பார்த்துப் போங்கள்.

நூலகத்துத்_தூசி

கமகம் பேலியல் என்றதும் ஞாபகம் வந்தது. அந்தக் கச்சேரிகள் தொடங்கியபோது அங்கே தலைவராக இருந்தவர் பெஞ்சமின் ஜோவெட். நம் போப்பை அந்தக் கல்லூரி வழிபாட்டுக்கூடத்துக்குப் பாதிரியாராகக் கொண்டுவந்தவரும் அவர்தான். போப் 1884இலேயே தமிழும் தெலுங்கும் கற்பிக்க ஆக்ஸ்ஃபோர்டுக்கு வந்துவிட்டார். திருவாசகத்தை மொழிபெயர்க்கப் போகிறேன், முடிக்க ஆயுசு இருக்குமோ தெரியவில்லை என்று சொன்னபோது, பெரிய வேலையைக் கையில் வைத்திருப்பவன் நீண்ட நாள் இருப்பான், முடிக்கும்வரை நீ இருப்பாய் என்று ஜோவெட் சொன்னாராம். போப்பே முன்னுரையில் இதை எழுதியிருக்கிறார். ஜோவெட் 1893இல் போய்விட்டார். புத்தகம் 1900இல் வந்தது, போப்புக்கு அப்போது எண்பது வயது.

மலைக்கோட்டைவாசி

இது எதுவும் எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் அப்பா தினமும் சிவபுராணம் சொல்வார். இப்போது ஆக்ஸ்ஃபோர்டு கொஞ்சம் கிட்டே வந்த மாதிரி இருக்கிறது. வேதியியல்காரனுக்கு ஏதாவது சொல்லுங்களேன்?

அணுக்கரு_அருண்

சார், நான் இயற்பியல் துறை. இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இலவசம். 1860இல் ஹக்ஸ்லியும் பிஷப் வில்பர்ஃபோர்ஸும் டார்வினை வைத்து மோதிக்கொண்டது அங்கேதான். அதை ஒட்டிப் பழைய வேதியியல் கூடம் ஒன்று இருக்கிறது. கிளாஸ்டன்பரி மடத்துச் சமையலறையைப் பார்த்து அதே வடிவத்தில் கட்டினார்கள். நாற்றமும் வெடியும் தனியாக இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான். அறிவியல் வரலாற்று அருங்காட்சியகத்தில் 1931 மே மாதம் ஐன்ஸ்டைன் எழுதிய கரும்பலகை அழிக்காமல் இருக்கிறது. இரண்டு பலகைகளை எடுத்து வைத்தார்கள், இன்னொன்றை யாரோ தெரியாமல் துடைத்துவிட்டார்கள். வாத்தியாருக்கு இந்த வலி புரியும்.

கணிதத் துறையின் பொதுச் சொற்பொழிவுகளையும் விடாதீர்கள். ஆண்ட்ரூ வைல்ஸ் பெயரில் 2013இல் திறந்த கட்டடம். வாசல் தரையே பென்ரோஸ் கோலம்: இரண்டே வகைக் கல்லை வைத்து எவ்வளவு தூரம் பரப்பினாலும் ஒரே ஒழுங்கில் திரும்பி வராத அமைப்பு. இலவசம்தான், ஆனால் முன்பதிவு வேண்டும். பிற்பாடு யூடியூபிலும் வரும், உச்சரிப்பு பிடிபடாவிட்டால் வீட்டில் நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம்.

மகளிடம் சொல்லி கிளாரண்டன் ஆய்வகத்து மணியைப் பார்த்துவிடுங்கள். 1840இலிருந்து அடித்துக்கொண்டே இருக்கிறது. அதை ஓட்டுவது ஓர் உலர் மின்கலம். அதன் உள்ளே சரியாக என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தால் மணி நின்றுவிடும் என்று யாரும் திறக்கவில்லை.

ஹெடிங்டன்_செல்வி

கடைசியாக இரண்டு விஷயம். ஃபிப்ரவரியில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும், உல்லன் காலுறை இரண்டு ஜோடி. அப்புறம், ராத்திரி 9.05க்கு கிறைஸ்ட் சர்ச் கோபுரத்தில் 101 தடவை மணி அடிக்கும், பயப்படாதீர்கள். பழைய ஆக்ஸ்ஃபோர்டு நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்து நிமிடம் பின்னால், அந்தக் கணக்குப்படி அவர்களுக்கு அப்போதுதான் ஒன்பது.

மலைக்கோட்டைவாசி
(மூன்று வாரம் கழித்து)

ஊர் திரும்பிவிட்டேன். ஜலதோஷம் இன்னும் விடவில்லை. எல்லோருக்கும் கடன்பட்டிருக்கிறேன், அதனால் கணக்கு ஒப்படைக்கிறேன்.

மொத்தம் மூன்று சொற்பொழிவு. ஓவியம் பற்றிய ஒன்றில் விளக்கை அணைத்த பத்தாவது நிமிடம் தூங்கிவிட்டேன். ரேடியோமாமா மன்னிக்க வேண்டும், விமானக் களைப்பு. கணிதம் நன்றாக இருந்தது. பேசியவர் ஒரு காகிதத்தை மடித்துக் காட்டியே முக்கால் மணி நேரத்தை ஓட்டினார். நான் முப்பது வருஷம் சாக்பீஸோடு செய்ததை நினைத்துக்கொண்டேன். மூன்றாவதில் நான், இன்னும் ஆறு பேர், ஒரு நாய். கேள்வி கேட்கச் சொன்னார்கள். நான் கேட்டேன். பேசியவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு பதில் சொன்னார். யார் என்று யாரும் விசாரிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒரு கல்லூரி வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். செல்வி அம்மா சொன்ன அந்த ஒரு வரியைப் படிக்காமல் போனது என் தப்பு. ஆனாலும் தொப்பி போட்ட அந்த வாயில்காப்பாளர் ஐந்தரைக்குக் குளிரில் என்னைப் பார்த்த பார்வை மனசுக்கு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. நேரே நடந்து மாட்லினுக்குப் போனேன் (சரியாக உச்சரித்து வழி கேட்டேன்). ஈவன்சாங் தொடங்கப் போகிற நேரம். அங்கேயும் ஒருவர் நின்றார், மனசு பதறியது. அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, இந்தப் பக்கம் உட்காருங்கள் என்றார்.

மெழுகுவர்த்தி வெளிச்சம். எனக்கு எதிரே பத்து வயதுப் பையன் ஒருவன், மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே இருந்தான். பாட ஆரம்பித்ததும் அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்றே தெரியவில்லை. கமகம் சொன்ன ஓதுவார் ஒப்புமை எனக்கு வேறு மாதிரி பட்டது. ஓதுவார் தனியாள், குரலில் உருக்கம் வழியும். இங்கே யாரும் உருகவில்லை. தண்ணீர் ஓடுகிற மாதிரி அது பாட்டுக்குப் போனது. அதனாலேயே எனக்குத் தாங்கவில்லை. மீதி நான்கு நாளில் மூன்று தடவை போனேன். கடைசி நாள் அந்தத் தாள் கொடுப்பவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

பேலியலில் அந்த ஞாயிறு கச்சேரி இல்லை. ஹாலிவெல் போனேன், நாற்காலி நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை இடுகாடு. உள்ளே போகும் வழியை இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டேன். புல்லும் சாய்ந்த கற்களுமாக இருந்தது. போப் ஐயாவின் கல்லில் நூலகத்துத் தூசி சொன்ன வாசகம்தான் இருக்கிறது. மாலை கிடைக்கவில்லை, சூப்பர் மார்க்கெட்டில் மஞ்சள் டாஃபடில் ஒரு கட்டு வாங்கி வைத்தேன். சிவபுராணம் சொல்லலாம் என்று தோன்றியது. பாதியில் மறந்துவிட்டது. அப்பா இருந்தால் அடி விழுந்திருக்கும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து ஒரு வழியாக முடித்தேன்.

ஒன்று உங்களில் யாரும் சொல்லவில்லை. ஜோவெட்டும் அதே இடுகாட்டில்தான் இருக்கிறார். தகவல் பலகையைப் படித்துக்கொண்டு வரும்போது கண்ணில் பட்டது. கையில் இரண்டு டாஃபடில் மிச்சம் இருந்தது, அவருக்கு வைத்தேன்.

நூலகத்துத்_தூசி

இத்தனை வருஷம் இதைப் பேசிக்கொண்டிருக்கிறேன், ஜோவெட்டை எங்கே புதைத்தார்கள் என்று தேடிப் பார்க்கத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது.

சாயர்புரத்தான்

சார், கல்லின் படம் எடுத்தீர்களா? எங்கள் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். இந்தத் தடவை பேச்சுப் போட்டிக்குச் சரியான வரியையே கொடுத்துவிடுகிறேன்.

அணுக்கரு_அருண்

மணியைப் பார்த்தீர்களா சார்?

மலைக்கோட்டைவாசி

படம் இருக்கிறது, தனி மடலில் அனுப்புகிறேன் தம்பி. மணியையும் பார்த்தேன். மகளே சாப்பாட்டு இடைவேளையில் கூட்டிக்கொண்டு போனாள். இரட்டைக் கண்ணாடிக்குள் இருப்பதால் சத்தம் கேட்கவே இல்லை, குண்டு ஆடுவது மட்டும் லேசாகத் தெரிகிறது. "தினமும் இந்த வழியாத்தான் போறேன்பா, நின்னு பார்த்ததே இல்லை" என்றாள். அன்று சாயங்காலம் ஈவன்சாங்குக்கு அவளும் வந்தாள். கைதட்டப் போனவளை நான்தான் தடுத்தேன்.